பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்: சிறுநீரக நோயாளியின் பசியாறலில் இனிப்புச் சீரியல்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

கடையில் ஓர் உணவுப் பெட்டியைக் கையில் எடுத்தால், முன்பக்கத்துப் படத்தை மட்டும் நம்பாமல் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் நம் சமுதாயத்தில் பலருக்கு உண்டு. ஜெலட்டின் கலந்திருக்கிறதா, பூச்சியிலிருந்து எடுக்கப்படும் இ 120 என்னும் சிவப்புச் சாயம் இருக்கிறதா, இ 471 தாவரக் கொழுப்பிலிருந்து வந்ததா அல்லது விலங்குக் கொழுப்பிலிருந்து வந்ததா என்றெல்லாம் ஆராய்ந்துதான் நம் பெண்மக்கள் பொருள் வாங்குகிறார்கள். பள்ளிக்கூடம் செல்லும் பிள்ளைகள் சிலர்கூட இந்த எண்களை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். இது மார்க்கம் நமக்குக் கற்றுத் தந்த விழிப்பு. அல்ஹம்துலில்லாஹ்.

அந்த விழிப்பை ஹராமான பொருளைக் கண்டறிவதோடு நாம் நிறுத்திவிடுகிறோம் என்பதே இக்கட்டுரையின் ஆதங்கம். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ள ஒருவர் வீட்டில் இருக்கும்போது, அதே பெட்டியின் அதே பின்பக்கத்தில், அதே சிறிய எழுத்துகளில், அவருடைய உடலுக்குச் சுமையாகும் பொருள்களின் பெயர்களும் எண்களும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அவற்றைப் படிக்காமல் விட்டால், நாம் கேட்ட ஹலால் கேள்வி பாதிக் கேள்வியாகவே நின்றுவிடும். இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, நம் வீடுகளில் புகுந்துவிட்ட இனிப்புச் சீரியல்.

நோயாளி உணவு என்ற பெயர்

இடியாப்பமும் ரொட்டியும் இட்லியும் இருந்த நம் காலைப் பசியாறலில் சீரியல் மெல்ல இடம்பிடித்தது. சஃபரில் இருக்கும் மகன் அனுப்பும் அட்டைப்பெட்டியில் பால்மாவு, பாதாம், பேரீச்சம்பழம் ஆகியவற்றோடு சீரியலும் வரும். முதலில் அது பிள்ளைகளுக்கென்று இருந்தது. பிறகு வாப்பாவுக்கும் உரியதாயிற்று. எண்ணெய் இல்லை, காரம் இல்லை, மெல்லுவதற்குச் சிரமம் இல்லை. ஆகவே நோயாளிக்கு ஏற்ற இலேசான ஆகாரம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். சுப்ஹு தொழுதுவிட்டு மாத்திரை விழுங்க வேண்டிய முதியவருக்கு, அடுப்பைப் பற்ற வைக்காமலேயே இரண்டு நிமிடத்தில் ஒரு கிண்ணம் தயாராகிவிடுகிறது. அதைக் கொண்டுவந்து கொடுக்கும் மருமகளின் கையில் அன்பு இருக்கிறது, அலட்சியம் இல்லை. எனவே எவரையும் குற்றம் சாட்டுவது இங்கு நோக்கமன்று.

இந்தப் பெயர் சீரியலுக்கு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்னும் ஊரில் இருந்த ஆரோக்கிய இல்லத்தில்தான் தானியச் சீவல்கள் உருவாயின. அதை நடத்திய மருத்துவர் ஜான் ஹார்வி கெல்லாக், அங்கே தங்கியிருந்தவர்களுக்கு எளிதில் செரிக்கும் உணவாக அவற்றைக் கொடுத்தார். அவருடைய தம்பி வில் கீத் கெல்லாக் 1906இல் தனி நிறுவனம் தொடங்கி அவற்றைச் சந்தைக்குக் கொண்டுசென்றார். சர்க்கரை சேர்க்கும் விஷயத்தில் சகோதரர்கள் இருவரும் முரண்பட்டனர். அண்ணன் அதை விரும்பவில்லை. சந்தையில் வென்றதோ தம்பியின் வழி. 1950களில் சர்க்கரைப் பூச்சுள்ள சீவல்கள் பிள்ளைகளைக் குறிவைத்து விற்பனைக்கு வந்தன. 1994இல் அந்நிறுவனம் இந்தியச் சந்தையிலும் நுழைந்தது.

ஆரோக்கிய இல்லத்தில் பிறந்தபோது கிடைத்த நற்பெயர் இன்றும் அப்படியே இருக்கிறது. பெட்டிக்குள் இருக்கும் பொருளோ இனிப்புப் பண்டத்துக்கு நெருங்கிய உறவாகிவிட்டது. பெயரைப் பார்த்துக் கொடுக்கிறோம். நோயாளியின் உடலுக்குள் செல்வதோ பெயரன்று, பொருள்.

பின்பக்கத்தில் படிக்க வேண்டிய நான்கு

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகளை அல்லாஹ் அமைத்திருக்கிறான். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டி, தேவையானதை உடலுக்குத் திருப்பித் தந்துவிட்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குச் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இந்த வடிகட்டும் திறனை மருத்துவர்கள் இ.ஜி.எஃப்.ஆர். என்ற அளவால் குறிப்பிடுகிறார்கள். அது மூன்று மாதங்களுக்கு மேல் 60க்குக் கீழே நின்றால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று கொள்ளப்படுகிறது. 15க்குக் கீழே இறங்கினால் அது நோயின் கடைசிப் படி. திறன் குறையக் குறைய, சாதாரண உடல் எளிதாக வெளியேற்றிவிடும் உப்புகள் இரத்தத்தில் தேங்கத் தொடங்குகின்றன. ஆரம்பப் படிகளில் வலியோ அடையாளமோ தெரிவதில்லை. அதனாலேயே அலட்சியம் எளிதாகிறது.

இனி அந்தப் பெட்டியைத் திருப்புவோம். நான்கு பொருள்களைத் தேட வேண்டும்.

முதலாவது சர்க்கரை. சிறுநீரக நோய்க்கு முதன்மையான இரு காரணங்கள் நீரிழிவும் இரத்த அழுத்தமும். ஆகவே நம் வீட்டுச் சிறுநீரக நோயாளிகளில் பலர் ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள். இனிப்புச் சீரியல்களில் 100 கிராமுக்கு 25 முதல் 40 கிராம் வரை சர்க்கரை இருப்பது வழக்கம். பெட்டியில் ஒரு வேளைக்கு 30 கிராம் என்று எழுதியிருப்பார்கள். நாம் கிண்ணத்தில் கொட்டும்போது அது பெரும்பாலும் 60 கிராமைத் தொட்டுவிடும். 100 கிராமுக்கு 30 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கிண்ணத்தில் 18 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டிக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். இருபதில் ஒரு பங்குக்குக் குறைந்தால் இன்னும் நல்லது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அந்தச் சிறந்த அளவு 25 கிராம். தேநீர் குடிப்பதற்கு முன்பே அதில் பெரும்பகுதி முடிந்துவிடுகிறது. "ஒரு கிண்ணத்தால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்பவர்கள் அதை 365ஆல் பெருக்கிப் பார்க்கட்டும். ஆண்டுக்கு ஆறரைக் கிலோ சர்க்கரை.

இரண்டாவது சோடியம், அதாவது உப்பு. இனிப்பாக இருப்பதால் உப்பு இராது என்று எண்ணிவிடக் கூடாது. இனிப்புச் சீரியல்கள் பலவற்றில் 100 கிராமுக்கு 300 முதல் 600 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கிறது. சிறுநீரக நோயாளிகள் ஒரு நாளில் 2 கிராம் சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்பதே சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல். ஊறுகாயையும் அப்பளத்தையும் ஒதுக்கிவிட்டோம் என்று மனநிறைவு அடையும் வீட்டில், இனிப்புக்குள் மறைந்திருக்கும் உப்பை எவரும் கணக்கில் எடுப்பதில்லை.

மூன்றாவது பாஸ்பரஸ். நம்மில் பலர் அறியாதது இதுதான். சிறுநீரகம் நலிந்தவரின் இரத்தத்தில் பாஸ்பரஸ் மிகும்போது உடல் எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கிறது. எலும்பு பலவீனமாகிறது, இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படிகிறது, தோலில் ஓயாத அரிப்பு உண்டாகலாம். பருப்பிலும் தானியத்திலும் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் ஒரு பகுதியைத்தான் நம் குடல் உறிஞ்சும். ஆலையில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளையோ பெரும்பாலும் முழுவதுமாக உறிஞ்சிவிடும். இந்திய விதிகளின்படி ஊட்டச்சத்து அட்டவணையில் சர்க்கரையையும் சோடியத்தையும் எழுதியாக வேண்டும். பாஸ்பரஸை எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே அதை அட்டவணையில் தேடிப் பயனில்லை. சேர்மானப் பட்டியலில்தான் தேட வேண்டும். அங்கே நாம் நன்கு அறிந்த அதே எண் வரிசையில் அது ஒளிந்திருக்கும். இ 338 முதல் 341 வரை, 343, 450, 451, 452 ஆகிய எண்கள் பாஸ்பேட் வகைகள். இந்தியப் பெட்டிகளில் இ என்பதற்குப் பதிலாக ஐ.என்.எஸ். என்ற முன்னெழுத்தோடு அதே எண் வரும். எண் இல்லாமல் டிரைசோடியம் பாஸ்பேட், டிரைகால்சியம் பாஸ்பேட் என்று பெயராகவும் வரலாம். பாஸ்பேட் என்ற சொல் எந்த வடிவில் வந்தாலும் கவனிக்க வேண்டும்.

நான்காவது பொட்டாசியம். இரத்தத்தில் இது மிகுந்தால் இதயத்துடிப்பு தடுமாறும்; உயிருக்கே ஆபத்தாகலாம். சாக்லேட் சுவைச் சீரியலில் உள்ள கோகோவிலும், உலர்திராட்சையிலும், கொட்டைகளிலும் பொட்டாசியம் அதிகம். "உப்புக் குறைந்தது" என்று விளம்பரப்படுத்தும் சில பண்டங்களில் சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கிறார்கள். அதன் எண் 508. இரத்த அழுத்தம் மட்டும் உள்ளவருக்கு உதவக்கூடிய ஒரு மாற்றம், சிறுநீரகம் நலிந்தவருக்குக் கேடாக முடியலாம்.

கிண்ணத்தில் ஊற்றும் பாலையும் மறக்கலாகாது. 200 மில்லிலிட்டர் பாலில் ஏறத்தாழ 180 முதல் 200 மில்லிகிராம் பாஸ்பரஸும் 300 மில்லிகிராம் பொட்டாசியமும் உண்டு. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையை மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால், அதை உணவோடு சேர்த்து உண்டால்தான் பயன். சோற்றோடு அதை மறக்காமல் உண்பவர்கள், சீரியலை ஓர் உணவாகவே கருதாததால் அந்த வேளையில் விட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் தவிடுள்ள சீரியல் நல்லதா?

இவ்வளவையும் படித்தவுடன் நம் மனம் மறுபக்கம் தாவும். இனிப்புச் சீரியலைத் தூக்கி எறிந்துவிட்டு, "ஆரோக்கியம்" என்று எழுதிய தவிட்டுச் சீவலையோ, கொட்டையும் உலர்பழமும் நிறைந்த கலவையையோ வாங்கி வருவோம். அவசரம் வேண்டாம். கோதுமைத் தவிட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1000 மில்லிகிராம் பாஸ்பரஸும் அதைவிடச் சற்று மிகுதியாகப் பொட்டாசியமும் உண்டு. அதனால்தான், பொட்டாசியம் கட்டுக்கடங்காத நோயாளிகளுக்கு, இனிப்பில்லாத சாதாரணச் சோளச் சீவலையோ அரிசிப் பொரியையோ சிறிதளவு கொடுக்கலாம் என்று உணவியல் வல்லுநர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். தவிட்டில் உள்ள பாஸ்பரஸ் முழுமையாக உடலில் சேர்வதில்லை, நார்ச்சத்தும் நன்மை தருகிறது என்பதால், நோயின் ஆரம்பப் படியில் உள்ளவர்களுக்கு முழுத் தானியம் நல்லது என்ற கருத்தே இன்று வலுப்பெற்றுள்ளது.

இதிலிருந்து நாம் பெற வேண்டிய பாடம், ஒரே விதி எல்லாருக்கும் பொருந்தாது என்பதே. மூன்றாம் படியில் இருப்பவருக்கு வேறு கணக்கு, டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு வேறு கணக்கு. டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதத்தை அளவோடு உண்ணச் சொல்வார்கள். தொடங்கியவருக்குக் கூட்டிக் கொடுக்கச் சொல்வார்கள். பசியே இல்லாமல் மெலிந்துகொண்டிருக்கும் ஒருவர் ஒரு கிண்ணம் சீரியலையாவது உண்கிறார் என்றால், அதைப் பிடுங்கிவிடுவது அவருக்குச் செய்யும் உதவியாகாது. சிறுநீரகம் நலிந்தால் இன்சுலின் உடலில் நீண்ட நேரம் தங்கும். அதனால் திடீரென்று சர்க்கரை இறங்கி மயங்கும் நிலை வரலாம். அந்த நேரத்தில் சர்க்கரைதான் மருந்து. எனவே "சீரியல் கூடவே கூடாது" என்று தீர்ப்பு வழங்குவதற்காக இதை எழுதவில்லை. இன்னாருக்கு, இந்த இரத்தப் பரிசோதனை முடிவுக்கு, இந்த அளவு பொருந்துமா என்று கேட்காமலேயே கொடுத்துக்கொண்டிருப்பதுதான் தவறு.

தேன் என்ற சொல்

நம் வீடுகளில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. பெட்டியின் முன்பக்கத்தில் தேன் குடுவையின் படம் இருந்தால் நம் உள்ளம் இளகிவிடுகிறது. தேனில் மனிதர்களுக்கு நிவாரணம் இருப்பதைத் திருக்குர்ஆன் (16:69) எடுத்துரைக்கிறது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் தேன் சுவை என்று எழுதிய பெட்டியில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரையே. சேர்மானப் பட்டியல் எடையின் இறங்குவரிசையில் எழுதப்படுகிறது. சர்க்கரை இரண்டாம் இடத்திலும் தேன் கடைசிப் பகுதியிலும் இருந்தால், அது சர்க்கரைச் சீரியல்; தேன் அதன் விளம்பரம். தூய தேனிலும்கூட ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பேரீச்சம்பழமும் அவ்வாறே. சர்க்கரைக்குப் பதிலாகச் சீரியலில் பேரீச்சையை நறுக்கிப் போட்டால் சுன்னத்தும் ஆயிற்று, ஆரோக்கியமும் ஆயிற்று என்று நினைக்கிறோம். 100 கிராம் பேரீச்சையில் ஏறத்தாழ 650 முதல் 700 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. பெரிய வகைப் பழம் மூன்று உண்டால் 500 மில்லிகிராமை நெருங்கிவிடும். நோன்பு திறக்க ஒரு பழம் எடுப்பது வேறு, தினமும் காலையில் ஒரு கைப்பிடி உண்பது வேறு. எத்தனை பழம் என்பதைப் பொட்டாசியம் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அருள் நிறைந்த பொருளை அளவறிந்து உண்பது அதைக் குறைத்து மதிப்பிடுவதாகாது.

ஹலாலும் தய்யிபும்

அல்லாஹ் மனிதர்களை நோக்கிப் பூமியில் உள்ளவற்றை உண்ணும்படி சொல்லும்போது (2:168) ஹலால் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தய்யிப் என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறான். அனுமதிக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும், நல்லதாகவும் இருக்க வேண்டும். ஹலால் முத்திரை முதல் சொல்லுக்குச் சான்று தருகிறது. இரண்டாம் சொல்லுக்குச் சான்று எந்த நிறுவனத்தாலும் பொதுவாகத் தர இயலாது. ஏனெனில் ஒருவருக்கு நல்லது மற்றவருக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. பத்து வயதுப் பேரனுக்கு எப்போதாவது ஒரு கிண்ணம் தீங்கு செய்யாமல் போகலாம். அதே கிண்ணம் நாள்தோறும் அவனுடைய பாட்டனாருக்குச் சுமையாகலாம். பொருள் ஒன்றே, உடல் வேறு.

உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற கருத்தை 7:31ஆம் வசனமும், நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளக் கூடாது என்பதை 2:195ஆம் வசனமும் உணர்த்துகின்றன. நம் உடலுக்கு நம்மீது உரிமை உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு உணர்த்திய செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. அதிகமாக நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கிய ஒரு தோழருக்குச் சொல்லப்பட்ட அறிவுரை அது. வணக்கத்திலேயே உடலின் உரிமையை மறக்கக் கூடாது என்றால், நாவின் சுவைக்காக அதை மறப்பதற்கு நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

"எல்லாம் விதிப்படிதான் நடக்கும், உண்பதை உண்போம்" என்று சொல்பவர்களும் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று கற்பித்த மார்க்கம் நம்முடையது. பெட்டியைத் திருப்பிப் படிப்பது ஒட்டகத்தைக் கட்டுவது போன்ற செயல். அதன் பிறகு முடிவை அல்லாஹ்விடம் ஒப்படைப்போம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

சிறுநீரக நோயாளிக்கு ஏற்கெனவே தடைகள் ஏராளம். பழத்தைக் குறை, தண்ணீரை அள, உப்பைத் தள்ளு என்று எல்லாத் திசையிலிருந்தும் குரல்கள் வருகின்றன. அவற்றோடு நாமும் ஒரு காவலாளிபோல் நின்று கிண்ணத்தைப் பறித்தால், வீட்டின் மூத்தவர் தம் வீட்டிலேயே ஒளிந்து உண்ண நேரிடும். வாழ்நாள் முழுவதும் நமக்கு ஊட்டியவரின் கண்ணியத்தை அப்படி உடைக்கக் கூடாது. கடிந்து பேசுவதைவிட, அவரோடு அமர்ந்து பெட்டியைப் படித்துக் காட்டுவது நல்லது. முடிவில் அவருக்கும் பங்கு இருக்கட்டும்.

அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது, நோயாளி வழக்கமாக உண்ணும் சீரியல் பெட்டியின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துச் செல்லுங்கள். கிரியேட்டினின் எவ்வளவு என்று மட்டும் கேட்டுத் திரும்பாமல் பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவுகளையும் கேளுங்கள். மருத்துவமனையில் உணவியல் வல்லுநர் இருந்தால் அவரைச் சந்திக்காமல் வராதீர்கள்.

சீரியலைக் கொடுக்கலாம் என்று மருத்துவர் சொன்னால், இனிப்பில்லாத, பாஸ்பேட் எண்கள் இல்லாத வகையைத் தேர்ந்தெடுங்கள். கண்ணால் அளக்காமல் ஒரு முறையாவது தராசில் 30 கிராம் நிறுத்து, அது கிண்ணத்தில் எவ்வளவு உயரம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாலை 100 மில்லிலிட்டருக்குள் வையுங்கள். மேலே சர்க்கரை தூவ வேண்டாம். இனிப்புக்கு ஏங்கினால் ஆப்பிள் துண்டுகள் சில போதும். பாலுக்குப் பதிலாகப் பாதாம் பால், ஓட்ஸ் பால் ஆகியவற்றை வாங்குவோர் அவற்றின் பெட்டியிலும் 341 என்ற எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சீரியல் இல்லாமலும் இலேசான பசியாறல் நம்மிடம் உண்டு. உப்புக் குறைத்த ரவை உப்புமா, இட்லி, இடியாப்பம் ஆகியவற்றில் ஆலைப் பாஸ்பேட் இல்லை. அவையும் மாவுச்சத்து உணவுகளே என்பதால் நீரிழிவு உள்ளவர் அளவைக் கவனிக்க வேண்டும். இடியாப்பத்தோடு சீனியும் கெட்டித் தேங்காய்ப் பாலும் சேர்க்கும் வழக்கத்தையும் மட்டுப்படுத்த வேண்டும். நோயுற்றோருக்கும் துக்கத்தில் இருப்போருக்கும் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியை ஆயிஷா (ரலி) அவர்கள் பரிந்துரைத்து வந்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். 30 கிராம் தீட்டிய வாற்கோதுமையின் மாவில், தண்ணீரும் சிறிது பாலும் சேர்த்துக் காய்ச்சும் மெல்லிய கஞ்சி பலருக்கும் ஏற்றதாக இருக்கும். ஆனால் தல்பீனா என்ற பெயரோடு கோகோவும் பேரீச்சையும் கொட்டைகளும் கலந்து விற்கும் பொடிகளும் வந்துவிட்டன. பெயர் சுன்னத்தாக இருந்தாலும் பெட்டியைத் திருப்புவதை விட்டுவிடாதீர்கள்.

ஸஹர் வேளையில்

ரமளானில் இனிப்புச் சீரியலின் பயன்பாடு கூடுகிறது. ஸஹருக்கு எழுந்ததும் தயாரிக்க எளிது என்பதே காரணம். இனிப்பும் உப்பும் கலந்த உணவு சர்க்கரையை விரைவாக ஏற்றும், தாகத்தைப் பெருக்கும். நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்ட நோயாளிக்கு அந்தத் தாகம் பெரும் துன்பம்.

அதற்கும் முன்னதாக ஒரு கேள்வி இருக்கிறது. நோய் முற்றியவர் நோன்பு நோற்கலாமா? நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் அல்லாஹ் தந்த சலுகை 2:184, 185 வசனங்களில் தெளிவாக இருக்கிறது. நான்காம், ஐந்தாம் படியில் இருப்பவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் நோன்பு பேராபத்து தரலாம் என்பதே மருத்துவர்களின் பொதுவான எச்சரிக்கை. ரமளானுக்கு ஓரிரு மாதங்களுக்கு முன்பே மருத்துவரிடமும், பின்னர் நம்பிக்கைக்குரிய ஆலிமிடமும் கேட்டு முடிவு செய்ய வேண்டும். குணமடையும் வாய்ப்பு இல்லாதவருக்கு ஃபித்யா என்ற வழி இருக்கிறது. சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று. "இத்தனை வருடம் விடாமல் பிடித்தேனே" என்று கண்கலங்கும் முதியவரைத் தேற்றும் பொறுப்பு குடும்பத்தாருக்கு உண்டு.

ஜமாஅத்தின் கடமை

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. வெறுங்கையோடு செல்லக் கூச்சப்பட்டு நாம் வாங்கிச் செல்வது பெரும்பாலும் மால்ட் பானப் பொடி, பிஸ்கட், பழச்சாறு, சீரியல் பெட்டி. சிறுநீரக நோயாளியின் வீட்டு அலமாரியில் அவருக்கு ஆகாத பொருள்களை அன்பின் பெயரால் நிரப்பிவிட்டு வருகிறோம். கொண்டுசெல்வதற்கு முன் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன? மருத்துவச் செலவுக்கு ஒரு சிறு தொகையை உறையில் வைத்துக் கொடுப்பது அவர்களுக்கு இன்னும் பயன் தரும். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரை அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுவதும் பெரிய உதவி.

நம் பெண்கள் மதரஸாக்களிலும் ஜுமுஆ பயான்களிலும் ஹலால் உணவு குறித்துப் பேசும்போது, ஐயத்துக்குரிய எண்களின் பட்டியலோடு பாஸ்பேட் எண்களின் பட்டியலையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஒரே தாளில் இரண்டும் அடங்கிவிடும். பாஸ்பரஸ், பொட்டாசியம் அளவுகளைப் பெட்டியில் கட்டாயமாக எழுத வேண்டும் என்று கோருவதிலும் நாம் முன்னிற்கலாம். ஜெலட்டினைப் பற்றித் துணிந்து கேள்வி எழுப்பிப் பழகியவர்கள் நாம். இந்தக் கேள்வியை நாம் எழுப்பினால், மதம் கடந்து இந்நாட்டின் எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் அது நன்மையாக முடியும்.

உடல் நமக்குச் சொந்தமானதன்று. அது அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானத். நம் பராமரிப்பில் இருக்கும் நோயாளியின் உடல் இரட்டை அமானத். அவருக்கு என்ன கொடுத்தோம் என்று நாளை நாம் விசாரிக்கப்படும்போது, "பெட்டியில் ஹலால் என்று எழுதியிருந்தது" என்ற பதில் மட்டும் போதுமா என்பதை ஒவ்வொரு வீடும் சிந்தித்துக்கொள்ளட்டும்.

நோயுற்றிருக்கும் நம் சகோதர, சகோதரிகள் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களைப் பேணும் கைகளுக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தருவானாக! ஹலாலானதையும் தய்யிபானதையும் அறிந்து உண்ணும் தெளிவை நம் எல்லாருக்கும் அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.